வீட்டுக் கூட்டத்துக்கு மாமா எழுதிய இங்கிலீஷ்

மேற்குத் தாம்பரம்,
8-7-1969.

அன்பு மிகுந்த அத்தான் அவர்களுக்கு,

பியூலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மாமா, அத்தை, அனகாபுத்தூர் சித்தி, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், முன்கட்டில் குடியிருக்கும் ராஜகோபாலன் சார் குடும்பம் எல்லோரும் சுகம். நானும் சுகம். என்னைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், பழக்கதோஷத்தில் வீட்டில் இருக்கிறவர்களை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் வந்தேன். ஆகையால் இன்னொரு தடவை அழுத்தி எழுதுகிறேன். நான் சுகம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை. அஸ்ஸாமில் அந்தத் தேயிலைத் தோட்டத்து மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமை, 'பியூலா சுகம், கடிதம் வருகிறது' என்று இங்கிலீஷில் ஒரு தந்தி கொடுத்தேன் அல்லவா, அந்தக் கடிதம் இதுதான். அந்தத் தந்தியை நானே எழுதினேன். மாமாவிடம் காட்டவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. வீட்டில் உட்கார இடம் இருந்தால் இத்தனை சங்கடமும் வந்திருக்காது. அத்தையிடம் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் பெண்கள் வெயிட்டிங் ரூமுக்கு வந்து மூலைப் பெஞ்சில் கூடையை மடியில் கவிழ்த்து அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். ரூமைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ரத்தினபாய் அம்மாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்த வண்டிக்கும்மா குந்திகினு கீறே?"

"அஸ்ஸாம் வண்டிக்கு."

"அது இங்க வராதும்மா. சென்ட்ரலாண்ட போவணும்."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சிகினே இங்க குந்திகினு இருந்தா எப்டிம்மா வரும்?"

நான் கூடையின் மேல் காகிதத்தை நேராக்கிக்கொண்டேன். அவரும் நல்ல மனசுக்காரர், மேலே கேட்காமல் வெற்றிலையை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இப்போது ரூமில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் தனியாக உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வீட்டு நிலவரம் நீங்கள் பார்த்துவிட்டுப் போனதுதான், ஆனால் நீங்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. போன ஐப்பசியில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நாலு நாளைக்கு வந்த அனகாபுத்தூர் சித்தி குடும்பம், தண்ணீர் வடிந்து, சுவர் காய்ந்து, அடுத்த மழை வரப்போகிற இந்த நேரத்திலும் ஈரம் போகவில்லை என்று இங்கேயே இருக்கிறார்கள். நீங்கள் போன பிறகு சித்தப்பாவின் தம்பிக்குக் குரோம்பேட்டையில் வேலை கிடைத்தது, அவரும் வந்தார். அவரோடு ஒரு சிநேகிதர் வந்தார், அவர் யார் என்று சித்தப்பாவின் தம்பிக்கே சரியாகத் தெரியவில்லை என்று அத்தை சொல்கிறார்கள். நம் அறை என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்களே, அதில் இப்போது சித்தியும் பெண்பிள்ளைகளும் படுக்கிறார்கள், நான் அடுப்பங்கரையில் அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் எனக்கு உதவியாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் கஷ்டம். உங்கள் இன்லண்ட் லெட்டர் வந்தால் மாமா கூடத்தில் நின்றுகொண்டு, ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிப்பது போல உரக்கப் படிப்பார். கடைசியில் 'பியூலாவுக்கும் சொல்லவும்' என்று வரும்போது கூடத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். நான் குழம்பைக் கிளறப் போய்விடுவேன். நாம் இரண்டு பேரும் வேறு காது இல்லாமல் பேசியது சைக்கிளில் திருநீர்மலைப் பக்கம் போன அந்த ஒரு சாயங்காலம்தான். அன்றைக்கும் பாதி நேரம் சைக்கிள் செயினைப் பற்றித்தான் பேசினோம்.

ஒரு நாள் மத்தியானம் நான் அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பழைய லெட்டர் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்ததை மாமா பார்த்துவிட்டார். தண்ணீர் குடிக்க வந்தவர் குடிக்காமலே திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு, உங்கள் மானேஜர் துரைக்கு ஒரு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தார். இங்கே வீட்டில் கூட்டம் நாளுக்கு நாள் அதிகமாகிறது, ஆகையால் என் மகனுக்குக் குடும்பத்தோடு இருக்க ஒரு குவார்ட்டர்ஸ் கொடுங்கள் என்பதுதான் விஷயம். தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் துரைக்கு எழுதுவது, அதுவும் ரயில்வே பார்சல் ஆபீசில் ஆயுசு பூராவும் இங்கிலீஷ் எழுதி ரிட்டையரான மாமா எழுதுவது. முன்கட்டு ராஜகோபாலன் சார் பூகோள வாத்தியார் அல்லவா, அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

"'தி டென்சிட்டி ஆஃப் மை ஹவுஸ் இஸ் ரைசிங்.' எப்படி இருக்கு சார்?"

"டென்சிட்டின்னா சதுர மைலுக்கு இத்தனை பேருன்னு கணக்கு, லாசரஸ் சார். வீட்டுக்குச் சொல்றதில்லை."

"அப்போ 'திக்லி பாப்புலேட்டட்'?"

"அது ஜில்லாவுக்கு. செங்கல்பட்டு ஜில்லாவைப் பத்தி எழுதறதா இருந்தா போடலாம்."

"'மை ஃபேமிலி இஸ் கெட்டிங் டென்ஸ்'னு போட்டா?"

"ஆளைப் பார்த்து டென்ஸ்னு சொன்னா மண்டுன்னு அர்த்தம் சார். குடும்பமே வர வர மண்டாயிண்டு வரதுன்னு ஆயிடும்."

மாமா பேனாவை மூடிவிட்டுக் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ராஜகோபாலன் சார் மெதுவாக, "க்ரௌடட்னு போடுங்கோளேன், போதும்" என்றார்.

"அது பஸ்ஸுக்குப் போடற வார்த்தை சார். என் குடும்பம் என்ன பஸ்ஸா?"

அதோடு ராஜகோபாலன் சாரை அனுப்பிவிட்டார். இது ஃபேமிலி விஷயம், ஃபேமிலிக்கு உள்ள வார்த்தையில்தான் எழுதணும் என்று அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினார். யாருக்கும் காட்டவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து என்னிடம் மட்டும், "இனிமே உனக்குக் கவலை இல்லம்மா" என்றார்.

பதில் சீக்கிரமே வந்தது. துரை தன் கைப்பட எழுதியிருந்தார். முதல் வரியிலேயே 'ஹார்ட்டி கன்கிராஜுலேஷன்ஸ்'. மாமாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன். தன் இங்கிலீஷுக்குத்தான் வாழ்த்து என்று நினைத்துவிட்டார். ராஜகோபாலன் சார் வீட்டுக் கதவைத் தட்டி, "துரையே எழுதிட்டான் பாருங்க, ஒரு திருத்தம் கிடையாது" என்று காட்டினார். குவார்ட்டர்ஸ் விஷயம் 'ஹேப்பி ஈவென்ட்' முடிந்த பிறகு கவனிக்கப்படும் என்று கீழே இருந்தது. அது என்ன ஈவென்ட் என்று அத்தை கேட்டதற்கு, "நம்ம அமலராணி மாப்பிள்ளையோட வரப்போகுதே, அதைச் சொல்றார். பெரிய மனுஷன், அதைக்கூட மனசுல வச்சிருக்கார்" என்றார். சித்தியின் மகள் அமலராணியும் அவள் வீட்டுக்காரரும் அக்டோபரில் மாற்றலாகி வருகிறார்கள், வீடு கிடைக்கும் வரை இங்கேதான். அதையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. இன்லண்ட் இல்லை, ஒட்டிய கவர், மேலே என் பெயர். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிட்டார். எங்கே போய்ப் படிப்பது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீர் விழுகிற சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். நாலு பக்கம். 'பியூலா, இவ்வளவு நாள் எப்படி ஒளித்து வைத்தாய், கண் படும் என்று அம்மா சொன்னாளா, இரட்டை என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது' என்று எழுதியிருந்தீர்கள். துரை கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார், கொழுந்து பறிக்கிற பெண்கள் வாழைப்பழத் தாரே கொண்டுவந்து கொடுத்தார்கள், குளிருக்கு இரண்டு கம்பளிக் குல்லாய் வாங்கிவிட்டேன், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் பையனானால் என்ன பெயர், பெண்ணானால் என்ன பெயர், ஒன்றும் ஒன்றுமானால் என்ன பெயர் என்று எழுதியிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் இங்கே திருப்பி எழுத மாட்டேன். அத்தான், நீங்கள் எனக்கு எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான், அதுவும் இல்லாத பிள்ளைகளுக்காக. படிக்கும்போது என்னை அறியாமல் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். வெளியே சித்தப்பாவின் தம்பியுடைய சிநேகிதர் கதவைத் தட்டி, "லேட்டாவுது சிஸ்டர்" என்றார்.

மாமா வைத்திருந்த விண்ணப்பத்தின் கார்பன் நகலை அத்தை மூலமாக வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெரு ஞானஜோதி டீச்சரிடம் ஓடினேன். பெண்கள் ஸ்கூலில் இங்கிலீஷ் எடுக்கிறவர் அவர். படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"'இன் தி ஃபேமிலி வே'ன்னு போட்டிருக்காரே, என்ன நினைச்சுப் போட்டார்?"

"நான் அவங்க குடும்பத்தோட குடும்பமா இருக்கேன்னு டீச்சர்."

"அப்படின்னா மாசமா இருக்கிறான்னு அர்த்தம் பியூலா. 'கன்ஃபைன்மெண்ட் இன் தி கிச்சன்'?"

"அடுப்பங்கரையில அடைஞ்சு கிடக்கேன்னு."

"அது பிரசவம். அப்புறம் 'எக்ஸ்பெக்டிங் டூ மோர் இன் அக்டோபர்'."

"அது அமலராணியும் அவ வீட்டுக்காரரும்."

"துரைக்கு அது ரெட்டைப் பிள்ளை. அக்டோபர்ல, அடுப்பங்கரையில." டீச்சர் கார்பன் நகலை மடித்துக் கொடுத்தார். "எல்லாம் நல்ல இங்கிலீஷ்தான். ஒண்ணுகூடத் தப்பில்லை. விஷயம்தான் வேற."

அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் விஷயத்தைக் கேட்ட மாமா முகம் கறுத்துப்போய், என் காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, "நான் செஞ்ச தப்பை நானே சரி பண்றேன்மா, கடுதாசி போக ஒரு வாரம் ஆகும், தந்தி கொடுத்துடறேன்" என்றார். இந்தத் தடவை அகராதியே வேண்டாம், சுத்தமான ரயில்வே இங்கிலீஷ் என்றும் சொன்னார். பார்சல் ஆபீசில் எத்தனை ஆயிரம் தந்தி எழுதிய கை. 'டெலிவரி நாட் டேக்கன் ப்ளேஸ். ட்ரீட் ஆஸ் கான்சல்டு. இன்கன்வீனியன்ஸ் ரிக்ரெட்டட்' என்று துரை பெயருக்கு அடித்துவிட்டு நிம்மதியாக வந்து சாப்பிட்டார்.

அதன் பிறகு நடந்ததை எழுதுவதற்குத்தான் இந்த ரூமுக்கு வந்தேன், அத்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சைக்கிள் மணி.

"லாசரஸ் அய்யா வூடு இதானே? தந்தி கீது. பியூலா அம்மா யாரு?"

தந்திக்காரர் சின்னப்பன். நான் கையெழுத்துப் போட்டேன், மாமா வாங்கிப் பிரித்தார். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு. "டீப்பஸ்ட் சிம்பதி ஆன் யுவர் லாஸ்" என்று படித்தார். அனுப்பியவர் பெயர் துரையுடையது. உங்கள் நஷ்டத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் என்று மாமா தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். அஸ்ஸாமில் எனக்கு இழக்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்.

முதலில் சித்திதான் சத்தம் போட்டார். பிறகு கூடம் முழுக்க அழுகை, முன்கட்டிலிருந்து அவர்கள், எதிர் வீட்டிலிருந்து இவர்கள் என்று நிற்க இடம் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுப்பங்கரைக்குப் போய்ப் பொங்கி வழிந்த பானையை இறக்கி வைத்தேன். அடுப்பை அணைத்தேன். அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நாலு பக்கத்துக்கு நான் பதில் போடவில்லையே என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. சிவப்புக் குல்லாய் யாருக்கு, மஞ்சள் குல்லாய் யாருக்கு என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள், அதற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். பொய்யாகவே எழுதியிருக்கலாம். வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்து என் தலையைத் தொட்டார்கள். அத்தனை பேரில் நீங்கள் மட்டும் இல்லை. இந்த வீட்டுக் கூட்டத்தை எந்த இங்கிலீஷில் எழுதினாலும் அந்த ஒன்றை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரோ போதகர் அய்யாவைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார்கள். அப்போது மறுபடியும் சைக்கிள் மணி. சின்னப்பன் உள்ளே இருக்கிற அழுகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "இன்னொண்ணும் கீதும்மா. ரெண்டும் சேந்துதான் வந்துது, கட்டுக்கு அடியில பூட்ச்சு. தப்பா நெனச்சிக்காத."

'ஹவ் இஸ் பியூலா. லீவ் சாங்ஷன்டு. ஸ்டார்ட்டிங் ட்வென்டியத். வில்பிரட்.' மாமா உங்கள் பெயரைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இது முதலில் கொடுத்த தந்தியாக இருக்கலாம், துரையுடையது பிறகு கொடுத்ததாக இருக்கலாம் என்று சித்தி சொன்னதற்கு, அதற்குள் வந்துவிட்ட ஞானஜோதி டீச்சர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே நாள், உங்களுடையதுதான் பிந்தியது என்றார். பிறகு மாமாவிடம், "நீங்க என்ன தந்தி கொடுத்தீங்க?" என்று கேட்டார். மாமா சொன்னார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "துரை பியூலாவுக்குத்தான் அனுதாபம் சொல்லியிருக்கார். குறைப் பிரசவம் ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டார்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சித்தியும் கூடச் சேர்ந்து, அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் தனியாக ஒரு பாட்டம் அழுதார். யாரும் தடுக்கவில்லை.

மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது, "தமிழ்லயே எழுதியிருக்கலாம் இல்லம்மா" என்றார். "துரைக்குத் தமிழ் தெரியாதே மாமா" என்றேன். "அதான்மா பேஜார்" என்றார். அவர் மேல் கோபப்படாதீர்கள். எழுதியதெல்லாம் என்னை உங்களோடு சேர்த்து வைப்பதற்காகத்தான். இந்த வீட்டில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

குல்லாய்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்தத் தோட்டத்தில் நடந்து போகும்போது எல்லோரும் பாவமாகப் பார்ப்பார்களே. உங்களுக்கும் அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல், எனக்கு என்ன ஆயிற்றோ என்றுதானே லீவு கேட்டிருப்பீர்கள். இல்லாததற்காக உங்களைச் சந்தோஷப்படவும் வைத்து, துக்கப்படவும் வைத்துவிட்டோம்.

ஆகையால் நான் நன்றாக யோசித்து எழுதுவது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் துரையிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பிள்ளையும் இல்லை, நஷ்டமும் இல்லை, வார்த்தைதான் மாறிப்போயிற்று என்று சொல்லுங்கள். அனுதாபத்துக்குக் கொடுத்த லீவை நாம் எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குவார்ட்டர்ஸ் முறைப்படி வரும்போது வரட்டும். ஞானஜோதி டீச்சரிடம் கேட்டு, 'எங்கள் வீட்டில் கூட்டம் மாதத்துக்கு மாதம் அதிகமாகிறது, நான் என் கணவரோடு இருக்க விரும்புகிறேன்' என்று இங்கிலீஷில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். க்ரௌடட் என்றுதான் போட்டிருக்கிறோம். அது வீட்டுக்கும் பொருந்துமாம். மாமா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றார். நான் பொறுமையாக இருப்பேன். ஒரு வருஷம் ஆனாலும் இருப்பேன். என்னைப் பற்றிக் கவலைப்பட்டு அவசரமாக எதுவும் செய்ய வேண்டாம்.

அத்தையும் மாமாவும் தங்கள் ஆசீர்வாதங்களைச் சொல்லச் சொன்னார்கள். சித்தி, சித்தப்பா, அவர் தம்பி, தம்பியின் சிநேகிதர் வரை எல்லோரும் உங்களை விசாரித்தார்கள். போகையிலும் வருகையிலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

என்றும் உங்கள் அன்புள்ள,
பியூலா.

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் முழுவதையும் திரும்பப் படித்தேன். எதிரே ஒரு வண்டி வந்து நின்று, இறங்க வேண்டியவர்கள் எல்லாம் இறங்கி, காலியாகிப் போனது. துரையிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் லீவு முடிந்து திரும்பிப் போய்ச் சொல்லலாமே. இருபதாம் தேதியே கிளம்பிவிடுங்கள். மேலே பொறுமை என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். நீங்கள் வந்து போன பிறகு துரையிடம் சொல்வதற்கு மெய்யாகவே ஏதாவது இருந்தாலும் இருக்கலாம். இந்தப் பி.கு. எழுதிய காகிதத்தை மட்டும் படித்ததும் கிழித்துவிடுங்கள்.